மிளகுச் சீஸும் அட்டைப்பெட்டிச் சுவரும்

வாய் வலிக்கப் பேசி விற்கிற தொழில்கள் நிறைய உண்டு. அடுத்தவர் வாயைத் திறக்கவைத்து விற்கிற தொழில் என்னுடையது.

எண்பதுகளின் தொடக்கம். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வில்லாபுரத்தில் வீட்டோடு இருந்தேன். ஒரு பால்பொருள் கம்பெனி, பெயர் வேண்டாம், மிளகு போட்ட சீஸ் ஒன்றைப் புதிதாக இறக்கியிருந்தது. டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு பெரிய கடையில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது என்று விளக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. நாலு பேர் இருக்கிற அறையில் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குகிற என்னை எதற்காக எடுத்தார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. மூன்று மாதம் சோதனைக் காலம். சீஸ் விற்றால் வேலை நிரந்தரம். அப்பாவின் நிபந்தனை இன்னும் சுருக்கம்: "மூணு மாசம் பாரு. நிரந்தரமாகலைன்னா வீட்டோட இரு. அப்புறம் வேலை கீலைன்னு பேச்செடுக்கக் கூடாது." ஆகவே அந்தச் சீஸ் விற்றே ஆகவேண்டியிருந்தது, கம்பெனியைவிட எனக்கு.

கடை மேஜைக்குப் பின்னால் காலையிலிருந்து கால் மாற்றி மாற்றி நின்று, சிரித்த முகம் சிரித்தபடியே இறுகிப்போன சகோதரிகளே, என் கோபம் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொண்டு படிக்கட்டும்.

காய்ச்சல்காரர் பலகாரம்

மேஜைமேல் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரம் வைத்திருந்தார்கள். "மிளகுச் சீஸைச் சுவைப்பது எப்படி?" என்று தலைப்பு. பிரெட்டின் நடுவில் வைத்து மின் அடுப்பில் வாட்டவும். மாலை விருந்துகளில் பிஸ்கட்டின் மேல் அடுக்கி விருந்தினருக்கு வழங்கவும். எங்கள் தெருவில் மின் அடுப்பு கிடையாது. இஸ்திரிப் பெட்டி ஒன்று உண்டு, அதையும் நாலு வீட்டார் மாற்றி மாற்றி வாங்கிப் போவார்கள். மாலை விருந்து என்றால் கல்யாணத்துக்கு முதல்நாள் சாப்பாடு. அதில் பிஸ்கட் போட்டால் சம்பந்தமே நின்றுபோகும். இதை எழுதியவர் மதுரைக்கு ரயிலில்கூட வந்திருக்க மாட்டார்.

ஆனாலும் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் நாள், கூடையும் கையுமாக வந்த ஓர் அம்மாவிடம் பிரெட், வெண்ணெய், நடுவில் சீஸ் என்று ஒப்பித்தேன். அவர் அவசரப்படாமல் கடைசிவரை கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு பரிவு வந்தது. நம் ஊரில் பிரெட் என்பது டாக்டர் சொன்னால் வாங்குவது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும்தான் ஒப்பித்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து நகர்ந்தார்: "பிரெட்டுலயா? எங்க வீட்டுல யாருக்கும் காச்சல் இல்லையேம்மா."

வாய் திறக்காத வாடிக்கையாளர்கள்

எங்கள் சூப்பர்வைசர் சபாபதி சார் வாரம் ஒருமுறை வருவார். சட்டைப் பையில் மூன்று பேனா. என் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். அந்த நோட்டில் "சுவைத்தவர் கருத்து" என்று ஒரு பகுதி. ருசி பார்க்கிறவர் என் கண்ணெதிரே மென்று விழுங்க வேண்டும், அவர் சொன்னதை நான் எழுத வேண்டும். ஆண்களிடம் பிரச்சினை இல்லை. நாலு நடை வந்து நாலு துண்டு தின்பார்கள், ஒன்றும் வாங்க மாட்டார்கள், "பரவாயில்லை" என்பார்கள். அதையெல்லாம் கருத்தென்று எழுத முடியுமா? வாங்க வேண்டிய பெண்களோ துண்டைக் கையில் வாங்கி, இடமும் வலமும் பார்த்து, அந்தப் பிரசுரத்தையே கிழித்து அதில் மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிரசுரத்துக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான். ஆண்கள் நடமாடுகிற கடையில் நின்றபடி வாயை அசைப்பதா? பிள்ளைக்குக் கொடுக்காமல் தான் தின்பதா? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சபாபதி சாருக்குத் தெரியவில்லை. காலித் தட்டையும் காலி நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இம்புட்டுச் சீஸும் எங்கம்மா போச்சு? நீயே தின்னுட்டியா?" என்று கடை கேட்கக் கேட்டார். எனக்குக் காது மடல் எரிந்தது. அதுவரை ஒரு துண்டைக்கூட நான் வாயில் வைத்ததில்லை, அத்தனை பேர் பார்க்க எப்படி வைப்பது? அவர் போன பிறகு, பக்கத்தில் அப்பளம் விற்கிற செல்லத்தாய் அக்காவிடம் இதைச் சொல்லி ஆத்திரப்பட்டேன். பரவையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர் அவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நீயே வாயத் திறந்து திங்க மாட்டேங்கிற. அவுக மட்டும் திம்பாகளாக்கும்?"

பத்துப் பத்தாக மிளகு

மென்று தின்று கருத்தும் சொன்ன முதல் மனிதர் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார். ஒரு துண்டை வாங்கினார். பல்குத்தும் குச்சி கேட்டார். கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீஸுக்குள் இருந்த மிளகுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து, பிரசுரத்தின் மேல் பத்துப் பத்தாக வரிசை வைத்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மிளகுதான் இதன் விசேஷம், முதலில் பால் மென்மையும் உப்பும் தெரியும், விழுங்கிய பிறகுதான் தொண்டையில் காரம் மெதுவாக ஏறும், அதுதான் ருசியே என்று, கம்பெனி சொல்லிக்கொடுத்தபடி நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

நாலாவது வரிசையின் பாதியில் மிளகு தீர்ந்தது. சிதைந்துபோன மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, உப்பு சரியாக இருப்பதாகத் தலையாட்டினார். கருத்து நோட்டில் பதிவான முதல் கருத்து அவருடையது. ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன்: "பொங்கல்லயே மிளகை ஒதுக்கி வச்சுட்டுத்தாம்மா சாப்பிடுவேன். இதுல உடைச்சுப் போட்டுட்டான், ஒதுக்க முடியல. முழு மிளகையே போடச் சொல்லுங்க, சுலுவா இருக்கும்."

பாலில் கரையாத மருந்து

இரண்டாம் மாதம் வண்டியூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். "மிளகுதானே போட்டிருக்கு? சளிக்குக் கேக்குமா?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்தேன். என் சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஒரு முழுப் பாக்கெட் வாங்கிப் போனார். அந்த வாரத்தின் ஒரே விற்பனை. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது கூட எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்த வேகத்திலேயே விஷயம் புரிந்தது. சீஸைத் துருவி, கொதிக்கிற பாலில் மஞ்சளோடும் பனங்கற்கண்டோடும் சேர்த்து மகனுக்குக் கொடுத்திருக்கிறார். தப்பு என்னுடையது என்று தெரிந்தாலும், மருந்துக் கடைக்குப் போக வேண்டியவர் என்னிடம் வந்து சண்டை போடுகிறாரே என்று ஒரு மூலையில் கோபமும் வந்தது. அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை: "கரைஞ்சா போகுது? திரிதிரியா நிக்குது! சளி போச்சோ என்னமோ, என் மகனுக்குப் பால் குடிக்கிற பழக்கமே போயிருச்சு."

நாற்பது எண்ணும் வரை

திரிதிரியாக நிற்கிறது. அந்த வார்த்தையை வீடுவரை சுமந்துகொண்டு போனேன். அப்படியென்றால் சூட்டில் இளகுகிறது, நீரில் கரைவதில்லை. மூன்று வருடம் படித்த வேதியியல் அப்போதுதான் உதவிக்கு வந்தது. மறுநாள் கரண்ட் போய்க் கடையின் குளிர்பெட்டி நின்றுவிட, வியர்த்து எண்ணெய் கக்கிய ஒரு பாக்கெட்டை எடுத்துப்போகச் சொன்னார்கள். அம்மா தோசை சுடும்போது ஒரு துண்டைக் கல்லில் போட்டேன். ஒட்டிக்கொண்டு கருகியது. மிளகுப் புகை கிளம்பி வீடே இருமியது. ஆறு மாதம் பழக்கிய கல்லைப் பாழாக்கிவிட்டேன் என்று அம்மா தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டே திட்டினாள்.

மூன்றாம் நாள் கைகூடியது. மாவைச் சற்றுத் தடிமனாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஊற்ற வேண்டும். இரண்டு பக்கமும் வெந்த பிறகு அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் சீஸை மெல்லிய வில்லைகளாக மேலே பரப்பி, இட்லிப் பானை மூடியால் மூடி நாற்பது எண்ண வேண்டும். கல்லின் மிச்சச் சூடே போதும். திறந்தால் சீஸ் தோசையோடு ஒன்றிப்போய், மிளகு மட்டும் புள்ளிபுள்ளியாகத் தெரியும். சட்னி வேண்டாம், சீஸிலேயே உப்பும் காரமும் இருக்கிறது. பச்சையாக ஒரு சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் போதும். அம்மாவே இரண்டு தின்றாள். பெருமை தாங்காமல் ஒன்றை டப்பாவில் எடுத்துப் போய் மத்தியானம் செல்லத்தாய் அக்காவிடம் நீட்டினேன். அவர் ஒரு வாய் இழுத்துப் பார்த்தார், இன்னொரு வாய் இழுத்துப் பார்த்தார்: "சூட்டுல நல்லாத்தான் இருந்திருக்கும் தாயி. ஆறினா செருப்புத் தோலு. கடையில கல்லும் அடுப்புமா வச்சிருக்கோம்? பச்சையாத் திங்க ஒரு வழி சொல்லு."

அட்டைப்பெட்டிச் சுவர்

வழி கடை வாசலிலேயே இருந்தது. அங்கே ஒருத்தி கொய்யாக்காயை நாலாகப் பிளந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி விற்பாள். என் மேஜையில் வாய் திறக்காத அதே பெண்கள், அவளிடம் வாங்கி, தூணோரம் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, கறுக்கு முறுக்கென்று தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வெட்கம் தின்பதில் இல்லை, பார்க்கப்படுவதில்தான். இரண்டு மாதமாக என்னை நிற்கவைத்திருந்த இடமோ டியூப்லைட்டுக்கு நேர் கீழே, வருகிற போகிற அத்தனை ஆண்களும் பார்க்கிற இடம். யோசித்து வைத்தார்களா, யோசிக்காமல் வைத்தார்களா?

செல்லத்தாய் அக்கா காலி அப்பளப் பெட்டிகளைத் தலை மறையும் உயரத்துக்கு அடுக்கிச் சுவர் எழுப்பினார். மேஜையை அதற்குப் பின்னால் தள்ளினோம். அதிகம் பழுக்காத கொய்யாவில் மெல்லிசாக ஒரு வில்லை, அதன்மேல் அதே கனத்தில் ஒரு சீஸ் வில்லை. முதல் துண்டை நானே தின்றேன், வந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் எதிரில், ஆனால் சுவருக்குப் பின்னால். கொய்யாவின் துவர்ப்பில் பால் வாசனை அடங்கி, மிளகு மட்டும் பின்னால் வந்து கிள்ளியது. அன்று சாயங்காலம் சுவருக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நோட்டில் இரண்டு பக்கம் கருத்து நிறைந்தது. தோசை வழியையும் சொல்லி அனுப்பினேன். குளிர்பெட்டியில் ஒரு தட்டு காலியானது. வாயைப் பொத்திக்கொண்டு மென்ற ஓர் அம்மா என் காதருகே குனிந்தார்: "கொய்யாவுக்கு மிளகாப்பொடிதான் தோதுன்னு இம்புட்டு நாளா நினைச்சிட்டு இருந்திருக்கேன் பாரு. இன்னொண்ணு குடு, யாரும் பாக்கல."

இரண்டாம் பக்கம்

இவ்வளவையும் இரண்டு தாளில் குண்டு குண்டாக எழுதி சபாபதி சாரிடம் கொடுத்தேன். முதல் தாளில் மாவு, கல், தோசையின் கனம்; இரண்டாம் தாளில் மற்றதும் கொய்யாவும் சுவரும். அவர் முதல் தாளைப் படித்தார். இரண்டாவதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "மெட்ராஸ்ல ரெண்டாம் பக்கமெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கம்மா" என்றார். முதல் தாளின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதக் கடைசியில் மெட்ராஸிலிருந்து சபாபதி சார் பெயருக்குக் கடிதம் வந்தது. "தங்களின் தோசை யோசனை" மிகவும் நன்று, நேரில் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார், என் நிரந்தரத்தையும் அவரே அன்று முடிவு செய்வார். சபாபதி சார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். பிறகு சுவரைப் பார்த்தார். பொருளை யாராவது மறைத்து வைப்பார்களா என்று கத்தி, பெட்டிகளை எடுக்கவைத்து, மேஜையைப் பழையபடி டியூப்லைட்டுக்குக் கீழே இழுக்கச் சொன்னார். "சார், அது நான்..." என்றேன். அவர் கைக்குட்டையால் மேஜையைத் துடைத்தபடி சொன்னார்: "நீ எழுதினா என்ன, நான் எழுதினா என்ன? எல்லாம் கம்பெனிக்குத்தானே. அன்னைக்கு நீ தட்டைப் பிடிச்சிக்கிட்டு ஓரமா நில்லு, போதும்."

கருகிய வாசனை

அதிகாரி வந்தார். சபாபதி சார் டை கட்டியிருந்தார். மேஜைமேல் ஒரு பம்ப் ஸ்டவ் நீலமாகச் சீறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆண்கள். பெண்கள் எட்ட நின்று பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். சபாபதி சார் மாவை ஊற்றினார், பச்சை மாவின் மேலேயே சீஸை அள்ளிப் போட்டார், அப்படியே குப்புறத் திருப்பினார். எங்கள் வீட்டில் நடந்தது பத்து மடங்காக நடந்தது. சீஸ் கல்லைப் பிடித்துக்கொண்டது, மிளகு கருகிப் புகைந்தது, கடையே இருமியது. அதிகாரி கைக்குட்டைக்குள் தும்மினார். சபாபதி சார் கல்லைச் சுரண்டச் சுரண்டப் புகை அதிகமானது. என் மூன்று மாதம் அந்தக் கல்லில் கருகுவதைத் தட்டும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடுப்பை அணைங்க சார்!"

அது யார் குரல் என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். கைப்பைக்குள் மடித்து வைத்திருந்த இரண்டாம் தாளை எடுத்து அதிகாரியிடம் நீட்டினேன். அவர் தன் கோப்பைத் திறந்தார். முதல் தாள் "சீஸை மெல்லிய வில்லைகளாக" என்று முடிந்திருந்தது. என் தாள் "நறுக்கித் தனியே வைக்கவும், அடுப்பை அணைத்த பிறகே தோசையின் மேல் பரப்பவும்" என்று தொடங்கியது. அதே குண்டு எழுத்து. அவர் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார், சபாபதி சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ ஒண்ணு சுடும்மா" என்றார். கல்லைத் தேய்த்துக் கழுவி, மூடி போட்டு, நாற்பது எண்ணி எடுத்துக் கொடுத்தேன். தின்று முடித்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "அந்தப் பெட்டியெல்லாம் திரும்ப அடுக்கணும் சார்" என்றேன். அந்த நேரம் பார்த்து, தோசை வழியைக் கேள்விப்பட்டு இன்னொரு பாக்கெட் வாங்க உள்ளே வந்த வண்டியூர் அம்மா, புகையில் மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க என்னைக் கடிந்துகொண்டார்: "இப்படிப் புகை போடணும்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, என் மகன் சளி அன்னைக்கே போயிருக்குமேம்மா!"

புதுப் பிரசுரம்

வேலை நிரந்தரமானது. சுவரும் திரும்ப எழும்பியது. சில மாதம் கழித்துப் புதுப் பிரசுரம் வந்தது. பிரெட் இல்லை, மின் அடுப்பு இல்லை. என் இரண்டு தாளும் வரி மாறாமல் அச்சாகியிருந்தன. அட்டையில் டையோடு சபாபதி சாரின் படம்! கீழே அவர் பெயர். கல்லைக் கருக்கினவர், இரண்டாம் பக்கம் படிக்காதவர். படத்தில் அவர் தோளுக்குப் பின்னால் மங்கலாக அப்பளப் பெட்டிகள். அவற்றுக்கு மேலே கொய்யாத் தட்டோடு ஒரு கை. வளையலை வைத்து அது என் கை என்று கண்டுபிடித்தேன். அப்பா பிரசுரத்தை முன்னும் பின்னும் புரட்டி, "இதுல உன் பேரு எங்க?" என்று முதல்முறையாக எனக்காகக் கோபப்பட்டார். நான் அதை எடுத்துப் போய்ச் செல்லத்தாய் அக்காவிடம் காட்டிக் கொதித்தேன். அவர் படத்தைக் கண்ணருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்: "உன் கையாவது தெரியுது கஸ்தூரி. என் பெட்டியப் பாரு, அப்பளம்னு எழுதியிருக்கிற பக்கத்தை உள்ளுக்குத் திருப்பி வச்சிருக்கானுக."

மதுரைப் பெண்களின் வாயைத் திறக்கவைக்க எனக்கு ஒரு சுவரும் ஒரு கூடைக் கொய்யாவும் தேவைப்பட்டன; என் வாயைத் திறக்கவைக்கக் கம்பெனிக்கு ஒரே ஒரு தோசை கருகினால் போதுமாயிருந்தது.